டெல்டாவில் போன்சாய்: வண்டலை நம்பிக் கெட்டவர்கள்

தண்ணீர் ஊற்ற மறப்பது, மாவுப்பூச்சியைக் கவனிக்காமல் விடுவது எல்லாம் செடி ஒன்று காய்ந்தால் தானாகப் புரிந்துவிடும். காசையும் நாலைந்து வருடத்தையும் சேர்த்துத் தின்னும் தவறுகள் வேறு. மரத்தைத் தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய்க்குப் புதிதாக வருகிறவர்கள் ஒருவர் விடாமல் அவற்றில்தான் விழுகிறார்கள்.

ஜின்கோ ஆசை

விசிறி இலை மஞ்சளாய் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் கன்று வரவழைக்கிறார்கள். சீனத்து மரம் அது. குளிரில் இலையை உதிர்த்துச் சில மாதம் தூங்கினால்தான் அடுத்த துளிர் ஒழுங்காக வரும். தஞ்சாவூரில் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. தூக்கம் எங்கிருந்து வரும்? துளிர் தாமதமாகவும் குட்டையாகவும் வந்து, பிறகு கிளை கிளையாகக் காயும். ஃப்ரிட்ஜில் தொட்டியை வைத்துத் தூங்கவைப்பவர்களும் உண்டு. கரண்ட் போகிற ஊரில் அது வேண்டாத வேலை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். இங்கே கல்லிச்சி, ஆல், புளி, கொடுக்காப்புளி போதும். அரசு வேண்டாம், அதன் இலை எளிதில் சிறுக்காது.

வண்டல் மண்

தட்டுக்குச் செங்கல் துகள் போடச் சொன்னால், ‘சோறு போடுகிற மண் இருக்க, செங்கல்லை உடைத்துப் போடுவதா?’ என்று கேட்காத ஆள் இல்லை. ஆற்றங்கரை வண்டலை அள்ளி, தொழுவுரம் கலந்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் நிரப்பி, நன்றாக வளர்ந்திருந்த இச்சியை அதில் நட்டு அழுத்திவிடுகிறார்கள். நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டிப் பிடித்துவைக்கும் அதே குணம்தான் தட்டில் வேரைக் கொல்கிறது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள்; சொட்டுவது நிற்கும். அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடி சொட்டும். எந்த மண்ணும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரை இறக்காமல் வைத்துக்கொள்ளும். துகள் எவ்வளவு நுண்மையோ அந்த உயரம் அவ்வளவு அதிகம். ஆழமான தொட்டியில் அதற்கு மேலே காற்றுக்கு இடம் மிஞ்சும். தட்டில் மேலே என்று ஒன்றே கிடையாது, முழுவதும் சேறு. அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பதும் தப்பு. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இருந்த இடமும் குறையும்.

ஐப்பசி அடைமழையில் வேர் மூச்சு முட்டி அழுகும். இலை மஞ்சளாகும். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போடுவார்கள். மிச்ச வேரும் போகும். தப்பிப் பிழைத்த செடிக்குச் சித்திரையில் வேறு சோதனை. களி காய்ந்து சுருங்கி, தட்டின் விளிம்பை விட்டு விலகி வெடிக்கும்போது நுண்வேர்கள் அறுபடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே ஓட்டைக்கு ஓடிவிடும், நடுவேர் நனையவே நனையாது. வடிகால் பிரமாதம் என்று வளர்ப்பவர் சந்தோஷப்படுவதுதான் எரிச்சல்.

செய்ய வேண்டியது: சூளையில் கிடைக்கும் உடைந்த நாட்டுச் செங்கல்லைச் சிறிதாக உடைத்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் துகளை மட்டும் சலித்தெடுங்கள். தூளைத் தூக்கிப் போடுங்கள். அது இருந்தால் களியும் அதுவும் ஒன்றுதான். இரவு முழுக்க ஊறிய துண்டு விரலில் நசுங்கினால் அது வேகாத கல், ஆகாது. கறுத்து உருகிய கல் நீரை உறிஞ்சாது. இடித்த வீட்டுச் செங்கல்லில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும், வேண்டாம். செங்கல் மூன்று பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிச் சலித்த இலைமக்கு ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் மேலே தேங்காமல் சில நொடியில் இறங்க வேண்டும். உமிச்சாம்பலைச் சேர்க்காதீர்கள், துளைகளை அடைக்கும்.

இந்தக் கலவைக்குக் கோடையில் இரண்டு வேளைத் தண்ணீர் வேண்டும். சத்தும் பெரிதாக இருக்காது. கடலைப் புண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கொருமுறை ஊற்றலாம். வாடை பொறுக்க வேண்டும்.

ஏற்கெனவே களியில் நிற்கும் மரத்தை மாசி, பங்குனியில் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். இச்சியின் வேரை முழுதாகக் கழுவினாலும் தாங்கும். புளி தாங்காது, இந்த வருடம் ஒரு பாதி, அடுத்த முறை மறுபாதி. மாற்றியதும் அடிஓட்டை வழியே கம்பி விட்டு மரத்தைத் தட்டோடு கட்டுங்கள். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றுக்குப் புதுவேர் எம்மாத்திரம்?

வண்டலைப் பழிக்கவில்லை. அடிமரம் பருக்கும்வரை கன்றைக் கொல்லையில், அதே வண்டல் தரையில் நடுவதுதான் சரி. தூருக்கு அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்து நட்டால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும். தட்டுக்கு வரும்போது மட்டும் வண்டலைத் தரையிலேயே விட்டுவிடுங்கள்.

கூடத்தில் வைப்பது

வைக்காதீர்கள்.

கம்பி

கோடையில் இச்சி வேகமாகப் பருக்கும். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியை இரண்டு வாரத்துக்கொருமுறை பாருங்கள். பட்டையில் பதியத் தொடங்கினால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றைப் பிரித்தால் கிளை ஒடியும்.

சுவர்ச் செடி

பழைய வீட்டுச் சுவரில் காக்கை எச்சத்தில் முளைத்த ஆல், நல்ல அடிமரத்தோடு கிடைக்கும். பிடுங்கினால் வேர் சுவரிலேயே தங்கிவிடும். இடிக்கும் வீடாகப் பார்த்து, செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுங்கள். நேரே தட்டில் நடாமல் ஒரு வருடம் பெரிய தொட்டியில் விடுங்கள். கோயில் மதில் பக்கம் போகவே வேண்டாம்.

புது சிமெண்ட் தொட்டி

மூன்று வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு நடலாம்.

போர் தண்ணீர்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. மண்மேல் வெள்ளைப் படிவும் இலை நுனிக் கருகலும் அதன் அடையாளம். அப்போது உரத்தை நிறுத்துங்கள். மழைநீரைப் பிடித்துவைத்து, தட்டு கொள்ளும் அளவைப்போல மூன்று நான்கு மடங்கை ஒரே தடவையில் மெதுவாக ஊற்றி, அடிஓட்டை வழியே உப்பு கரைந்து வெளியேற விடுங்கள்.