படகின் வயிற்றைத் தேய்க்கும் வேலை: இறங்கும் முன் சில விஷயங்கள்

நான் தூத்துக்குடிக்காரன். இப்போது அமெரிக்காவில், சான் டியேகோவின் படகுத்துறைகளில், நிறுத்தி வைத்த பாய்மரப் படகுகளின் அடியில் மூழ்கிப் பாசி தேய்க்கிறேன். முதன்முதலாக இதைப் போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்: "ஏலே, சங்கு குளிக்கவா அமெரிக்கா போன?" பாதி சரி. ஆனால் சங்கு குளிப்பவர்கள் இறங்கும் ஆழத்தில் கால்வாசிகூட எனக்குக் கிடையாது. நாள் முழுக்க ஆறு, எட்டு அடிக்குள்தான்.

முதலில் காகித வேலை. எச்1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்4 விசாவில் இருப்பவர்கள், இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வராமல் காசு வாங்கி மூழ்கக் கூடாது. ஸ்கூபா பயிற்சியின் முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழாவது எடுங்கள். சான் டியேகோ துறைமுகப் பகுதியில் தண்ணீருக்குள் படகு தேய்க்கத் துறைமுக நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பெரும்பாலான படகுத்துறைகள் காப்பீட்டுச் சான்றும் கேட்கும். சரக்குக் கப்பல்களின் அடி தேய்ப்பது வேறு உலகம். அதற்கு வணிக டைவிங் பள்ளியில் படித்து வர வேண்டும்.

இனி பெயின்ட். இந்தத் தொழிலே அதில்தான் இருக்கிறது. படகின் அடியில் பூசுவது பெரும்பாலும் செம்பு கலந்த பெயின்ட். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதால் கொட்டலசும் பாசியும் லேசில் ஒட்டாது. அதில் ஒரு வகை கெட்டியாக நிற்கும். இன்னொரு வகை, சோப்புக் கட்டி மாதிரி தானே கரைந்து புதுப் பரப்பைக் காட்டும். இந்த இரண்டாவது வகையை முரட்டுத்தனமாகத் தேய்த்தால் படகுக்காரரின் காசைத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

என் மூன்றாவது படகில் அதைத்தான் செய்தேன். கெட்டி நைலான் பிரஷ், நல்ல பலம், வேலை சுத்தமாக இருக்க வேண்டுமே என்ற ஆர்வம். நாலு இழுப்பில் முகமூடிக்கு முன்னால் நீல மேகம் எழுந்தது, என் கையே எனக்குத் தெரியவில்லை. பாசிதான் கலங்குகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். மேலே வந்தால் உரிமையாளர் படகு கட்டும் மேடையில் நின்று நீலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை, காசும் கொடுத்தார். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அதனால் எந்தப் படகானாலும் பழைய கார்ப்பெட் துண்டில் தொடங்குங்கள். அதில் போகாததற்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் தேய்ப்புப் பேட். நிறம் கலங்கினால் கையை எடுத்துவிடுங்கள். இது வெறும் நாசூக்கு இல்லை, சட்டமும் பார்க்கிற விஷயம். இங்கே சான் டியேகோவின் ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறைக்குள் சேரும் செம்பை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005இலேயே உத்தரவு வந்துவிட்டது. மென்மையாகத் தேய்ப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அடிக்கடி தேய்க்க வேண்டும். இங்கே கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் நான்கு. மூன்று மாதம் விட்டுவிட்ட படகு என்றால் துண்டும் பேடும் போதாது. அதற்குக் கூலியும் தனி.

கெட்டிச் சுரண்டியும் இரும்பு நாரும் உலோகத்துக்கு மட்டும்: புரொப்பல்லர், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட். ஷாஃப்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பது அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, மாற்றட்டுமா என்று கேளுங்கள். கட்டி மாற்றுவதில்தான் கொஞ்சம் கூடுதல் வரும்படி.

மூச்சுக்குப் பெரும்பாலானோர் ஹூக்கா வைத்திருக்கிறார்கள். மேடையில் கம்ப்ரஸர், அதிலிருந்து நீளக் குழாய், முதுகில் சிலிண்டர் கிடையாது. நம் ஊரில் சங்குக்காரர்கள் பயன்படுத்துவதற்குச் சொந்தக்கார முறைதான். ஆனால் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரில், வாயில் வைத்து மூச்சு வாங்கும் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். எண்ணெய் ஆவி நுரையீரலுக்குப் போகும். பெட்ரோலில் ஓடுவது என்றால், காற்றை இழுக்கும் வாயை அதன் புகைபோக்கியிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கமாக வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஆறு அடிதானே என்று மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரவும் கூடாது. அந்த ஆழமே நுரையீரலைக் கிழிக்கப் போதும்.

இறங்குவதற்கு முன் உரிமையாளரிடம் சொல்லி இஞ்சின் சாவியை வாங்கிவிடுங்கள். வாங்க முடியாவிட்டால் 'அடியில் ஆள்' என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். ஏசி ஓடினால் அடியில் ஒரு துளை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கரையிலிருந்து படகுக்கு வரும் மின்சாரத்தின் பிளக்கையும் பிடுங்கச் சொல்லுங்கள். மின்கசிவு நன்னீர் ஏரிகளில்தான் அதிகம் ஆளைக் கொல்கிறது என்றாலும், கடல்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

வேலை மேலிருந்து கீழே. இடது கையில் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி, வலது கையில் துண்டு. நீர்மட்டக் கோட்டில் ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க முடித்து, பிறகு படகின் அடியில் துருத்தி நிற்கும் கீல், சுக்கான். கீலின் அடிப்பகுதியைப் புதியவர்கள் எல்லோருமே மறப்பார்கள். மல்லாந்து தேய்க்கும்போது நீங்கள் விடும் குமிழ்கள் பாதரசம் மாதிரி படகின் அடியில் உருண்டு சேரும். பார்க்க அழகு, ஆனால் தேய்க்கும் இடத்தை மறைக்கும். பாசியைக் கலைத்தால் அதில் குடியிருக்கும் நகக்கீற்று அளவு எலும்புக்கூடு இறால்கள் கிளம்பி வந்து காதுக்குள் புகும். தலையுறை இல்லாமல் ஒருநாள் இறங்கினேன். அன்று ராத்திரி முழுக்கக் காதுக்குள் நடமாட்டம்.

கூலி படகின் நீளத்துக்கு. அடிக்கு 3 டாலர் என்று வைத்தால் 30 அடிப் படகுக்கு 90. ஒரு நாளைக்கு ஐந்து என்று கணக்குப் போட்டு ஆசைப்படாதீர்கள். தண்ணீர் குளிர்காலத்தில் 15 டிகிரிக்கு வந்துவிடும், மூன்றாவதிலேயே விரல் மரத்துப்போகும். வாடிக்கை நம் பால்காரர் வாடிக்கை மாதிரிதான்: வயதாகித் தொழிலை விடுபவர் தன் வாடிக்கைப் படகுகளின் ரூட்டையே விற்பார். கையில் காசில்லாதவர்கள் அப்படி ஒருவரிடம் சில மாதம் உதவியாளாகப் போகலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு சனிக்கிழமை காலைகளில் மேடைகளில் நடந்தேன். அன்றுதான் படகுக்காரர்கள் படகில் இருப்பார்கள். நீர்மட்டக் கோட்டில் பச்சைத் தாடி முளைத்த படகாகப் பார்த்து நின்று, வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.