இரட்டை அச்சு நாணயமா, இயந்திரத் தடமா?

நாணயத்தில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது அச்சிலேயே உள்ள பிழையா, அடிக்கும்போது விழுந்த இயந்திரத் தடமா என்று சோதிக்க, மட்டக்களப்பு நகைப் பட்டறைகளில் பயன்படும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றும் சாய்வாக விழும் விளக்கொளியும் போதும். நாணயத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். அதன் பெறுமதி கெட்டுவிடும்.

நாணயத்தை அடிக்கும் வேலை அச்சை, அதற்கு உருவம் தரும் மூல அச்சினால் ஒரு முறைக்கு மேல் அழுத்தும்போது, அடுத்த அழுத்தம் சற்றே விலகினால் எழுத்துகள் அச்சிலேயே இரண்டாகிவிடுகின்றன. ஆகவே அந்த அச்சு அடிக்கும் நாணயங்களில் அதே இரட்டிப்பு அதே இடத்தில் வரும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சத நாணயம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இயந்திரத் தடமோ, தளர்ந்த அச்சு நாணயத்தை அடித்த கணத்தில் அதிர்ந்து நகர்ந்து, எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக்குவதால் உண்டாகிறது.

இனி ஆண்டு இலக்கத்தைப் பாருங்கள். இரண்டாம் உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு உயர்ந்து, எழுத்து தடித்து, அதன் முனைகளில் சிறு பிளவு தெரிந்தால் அது இரட்டை அச்சு நாணயம் என்று நம்பலாம். என் கணிப்பில் அந்தப் பிளவே மிக உறுதியான சான்று. மாறாக, எழுத்து மெலிந்து, அதன் அருகே படிக்கட்டைப் போன்ற தாழ்ந்த தட்டை விளிம்பு இருந்தால் அது இயந்திரத் தடமே. கல்முனைச் சந்தையில் மீதிக்காசாகக் கிடைத்த 5 ரூபாய் நாணயத்தில், இலக்கத்தின் கீழ் வளைவில் இத்தகைய விளிம்பைக் கண்டேன்; விளக்கைத் திருப்பியபோது அது தகடுபோல ஒரே சீராக மின்னியது.