பி.எஸ்.6 டீசல் கார்: நம் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கோட்டையூரில் என் பெரியப்பா 2021-இல் புது டீசல் கார் வாங்கினார். அதற்கு முன்பும் பதினான்கு வருடம் டீசல் கார்தான் வைத்திருந்தார். காலையில் கொப்புடையம்மன் கோவில், பிறகு காரைக்குடி மார்க்கெட், சாயங்காலம் யாரையாவது ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு நடையும் ஐந்தாறு கிலோமீட்டர். எட்டாவது மாதம் டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. "லைட்டுதானே, சர்வீஸுக்கு விடும்போது பாத்துக்கலாம்" என்றார். இரண்டே வாரத்தில் வண்டி இழுக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். பழைய காரை ஓட்டிய மாதிரியே இதையும் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்றிருந்த நுண்துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இஞ்சினை மட்டும் திருத்தி இந்த அளவை எட்ட முடியாது. அதனால் புகை போகும் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வந்து உட்கார்ந்தது. கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு சேர்ந்ததும், கூடுதல் டீசல் செலுத்திப் புகையின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றி, சேர்ந்த கரியை எரித்துவிடும். அதற்குக் கார் சூடாகி, நிற்காமல், ஒரே சீராகப் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குள் போவதற்குள் இஞ்சினே சரியாகச் சூடாகியிருக்காது. எரிக்க ஆரம்பிக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். இப்படி நாலைந்து முறை பாதியில் நின்றால் கரி அடைத்துக்கொள்கிறது. எரிக்கச் செலுத்திய டீசலில் கொஞ்சம் இஞ்சின் ஆயிலிலும் இறங்கி அதை நீர்க்க வைக்கும். ஆயில் அளவு குச்சியில் ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சி அடையாதீர்கள், அது டீசல்.

பெரியப்பா காரில் எரிந்த ஆரஞ்சு விளக்கு, இந்த வடிகட்டி அடைக்கிறது என்ற எச்சரிக்கைதான். அது எரிந்த அன்றே செய்ய வேண்டியது எளிது. திருமயம் ரோட்டில் ஏறி, அறுபது எழுபது வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பெரும்பாலும் விளக்கு தானாக அணைந்துவிடும். தள்ளிப்போட்டால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி எரிக்க வேண்டும். அதையும் தாண்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலை புது பைக் விலையைத் தொடும். பெரியப்பா ஸ்கேனரோடு தப்பித்தார்.

இந்த இடத்தில்தான் மிக மோசமான தவறு நடக்கிறது. "இதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையில்லை சார், வடிகட்டிக்கு உள்ள இருக்கிறத எடுத்துட்டு புரோகிராமை மாத்திடலாம், பிக்கப்பும் ஏறும்" என்று ஒரு மெக்கானிக் பெரியப்பாவிடமும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அது சாமர்த்தியமான வைத்தியம். ஆனால் உற்பத்தியாளர் வைத்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வாரண்டியும் போய்விடும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. கல்யாண வீட்டு வாசலில், ஆச்சிக்கு வெக்கையாக இருக்குமே என்று ஏ.சி. போட்டு அரை மணி நேரம் காரை உறுமவிட்டு நிற்கிறோம். பக்கத்துத் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கின்றன. வடிகட்டி இல்லாத காரின் புகை நேரே அந்தத் திண்ணைக்குத்தான் போகும். வடிகட்டி இருக்கும் காரிலும் இப்படி நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிடுவது கரியைச் சேர்க்கும், மணிக்கு அரை லிட்டருக்கு மேல் டீசலும் குடிக்கும்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் இஞ்சின் ஆயிலில் இருந்து வருகிறது. கையேட்டில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறதோ அந்தச் சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் ஆட்ப்ளூ. சில கார்களில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிற மூடி ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாவும் தாது உப்புகள் நீக்கிய தூய நீரும் கலந்த திரவம். நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவது இதன் வேலை. "யூரியாதானே, வயலுக்குப் போடுற மூட்டை வீட்டிலேயே இருக்கே" என்று கரைத்து ஊற்றக் கூடாது. உர யூரியாவில் இருக்கும் மற்ற பொருட்கள் அந்த அமைப்பின் உள்ளே படிந்து அடைத்துவிடும். குழாய்த் தண்ணீர் சேர்த்தாலும் அதே கதைதான். தெரியாமல் டீசல் டேங்கில் ஆட்ப்ளூ விழுந்துவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஆட்ப்ளூ முழுதும் தீர்ந்தால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய இஞ்சினில் டீசலைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலான அழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள். அந்த பம்புக்கு வழவழப்பு தருவதே டீசல்தான். கலப்பட டீசல் உள்ளே போனால் பம்பு கெட்டுப்போகும்.

வாங்கும் முன்பே நடக்கும் தவறு மைலேஜ் கணக்கு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும் வரை பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் வாங்குகிறோம். கணக்குக்கு எளிதாகப் பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 தந்தால் 40,000 ரூபாய் ஆகும். டீசல் கார் 20 தந்தால் 27,600. மிச்சம் 12,400. டீசல் காருக்கு ஒன்றேகால் லட்சம் கூடக் கொடுத்திருந்தால் அது திரும்பி வரப் பத்து வருடம் ஆகும். காரைக்குடிக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு டீசல் வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். வாரம் இரண்டு முறை திருச்சி, மதுரை என்று போகிறவருக்கு இன்றும் அதுதான் நல்ல கார். விளம்பரத்தில் போடும் மைலேஜ் ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி அளந்தது. உங்கள் மைலேஜை ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டு நீங்களே அளந்து பாருங்கள்.

ஆய்வகத்துக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு ஆபத்தானது என்பது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெளிவந்தபோது தெரிந்தது. சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு அப்போது மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருள் அந்த டீசல் கார்களில் இருந்தது. இப்போது நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 இரண்டாம் கட்டத்தில் நிஜச் சாலையில் ஓட்டி அளக்கிறார்கள். நாம் எடுக்கும் புகைச் சான்றிதழில் அவ்வளவு இல்லை. டீசலுக்குப் புகையின் அடர்த்தியை மட்டுமே பார்ப்பார்கள், நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதில்லை. அதனால் "புகை டெஸ்ட் பாஸ், வண்டி சுத்தம்" என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக எடுக்காமலும் இருக்க வேண்டாம், சான்றிதழ் இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

டெல்லியில் பத்து வருட டீசல் காருக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாகக் கார் கொண்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த உத்தரவு தமிழ்நாட்டுக்குக் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையின்மைச் சான்று, இங்கே சாலை வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

கடைசியாக, பூட்டிய வீட்டு ஷெட்டில் நிற்கும் கார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும் எடுக்க என்று ஒரு டீசல் கார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். பேட்டரி அதில் நிறையாது, டி.பி.எஃப். மட்டும் நிறையும். டேங்கைப் பாதி காலியாக விடாமல் நிரப்பி வைத்துவிட்டு, லைசன்ஸ் உள்ள ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, திருமயம் கோட்டை கண்ணில் படும் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள்.