விழித்திரைப் பின்னூட்டம்: பிள்ளைகள் வழுக்கும் இடங்கள்

மொரீஷியசில், குவாத்ர் போர்ன் பக்கம் எங்கள் வீடு. சனிக்கிழமை மாலைகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்க வருவார்கள். பள்ளியில் ஆங்கிலப் பாடம், தங்களுக்குள் கிரியோல், என்னோடு தமிழ். ஒரே விஷயத்தை மூன்று மொழியில் சொல்லிப் பார்த்தால், எது புரியவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். கண் பாடத்தில் அப்படி அடிக்கடி மாட்டிக்கொள்வது பின்னூட்டம், அதாவது ஒரு செல் தனக்குச் செய்தி தந்த செல்லுக்கே திருப்பிச் செய்தி அனுப்புவது.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கூம்பு, குச்சி என இருவகை. ஒளி பட்டதும் கூம்புச் செல் தூண்டப்பட்டுச் செய்தியைச் சுரக்கிறது என்று எழுதுகிறார்கள். நடப்பது தலைகீழ். கூம்புச் செல்லும் குச்சிச் செல்லும் இருட்டில்தான் ஓயாமல் குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அப்போது அவற்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ −40 மில்லிவோல்ட். ஒளி பட்டால் அது இன்னும் கீழே இறங்கும், சுரப்பு குறையும். வெளிச்சம் வந்தது என்ற செய்தியே ஒரு குறைவுதான். இது மனத்தில் பதியாமல் மேலே படிக்காதீர்கள். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சரி, இப்போது கிடைமட்டச் செல். இது பக்கவாட்டில் கிளை பரப்பிப் பல கூம்புகளைத் தொடும், அவை சுரக்கும் குளூட்டமேட்டை வாங்கும். வெளிச்சத்தில் அந்த வரத்து குறைவதால் இதன் மின்னழுத்தமும் இறங்கும். இறங்கியதும், தான் தொடும் கூம்புகளில் உள்ள கால்சியம் வாயில்களை இன்னும் எளிதாகத் திறக்க வைக்கிறது. அந்தக் கூம்புகளின் சுரப்பு கொஞ்சம் கூடுகிறது. வெளிச்சம் குறைத்ததில் ஒரு பங்கைக் கிடைமட்டச் செல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 1971இல் பேய்லர், ஃபுவோர்டெஸ், ஓ'பிரையன் மூவரும் ஆமையின் விழித்திரையில் இந்தப் பின்னூட்டத்தைக் காட்டினார்கள்.

இங்கே ‘எதிர்மறை’ என்ற சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். எதிர்மறைப் பின்னூட்டம் என்றால் சுரப்பைக் குறைப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வெளிச்சத்தில் அது சுரப்பைக் கூட்டுகிறது! வந்த மாற்றத்தை எதிர்த்துத் தள்ளுவதால்தான் அந்தப் பெயர். விடைத்தாளில் “தடுக்கிறது” என்று மட்டும் எழுதாமல், எந்த மாற்றத்தை எதிர்க்கிறது என்றும் எழுதுங்கள்.

“அப்படின்னா வெளிச்சத்தோட செய்தி வீணாப் போகுதே மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஏனென்றால் அடுத்த தவறு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கண்ணில் ஒளியுணர் செல்கள் ஏறக்குறைய பத்துக் கோடி. மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் பத்து லட்சம்தான். எல்லாக் கூம்புக்கும் பொதுவாக இருக்கும் வெளிச்சத்தை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பாதை தாங்காது. கிடைமட்டச் செல் அந்தப் பொது அளவைக் கழித்துவிடுகிறது, அக்கம்பக்கத்துக்கு உள்ள வித்தியாசம் மேலே போகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிறோமே, அந்தக் கோர் தெ கார்த் மலையை அந்தி நேரத்தில் பாருங்கள். மலை விளிம்பை ஒட்டிய வானம் மெல்லிய கோடாகக் கூடுதலாக வெளுத்திருக்கும், விளிம்பின் உள்பக்கம் கூடுதலாகக் கறுத்திருக்கும். மூளைக்கும் இதில் பங்குண்டு, ஆனால் வேலை விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. விளிம்புகளில் தோன்றும் இப்படிப்பட்ட பட்டைகளுக்கு விழித்திரையின் அண்டைப் பகுதிகள் ஒன்றையொன்று பாதிப்பதே காரணம் என்று எர்ன்ஸ்ட் மாக் 1865லேயே சொன்னார். கிடைமட்டச் செல்லின் மின்குறியை யாரும் அளந்து பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு!

பின்னூட்டம் மூளையிலிருந்து இறங்கி வருகிறது என்று அம்புக்குறி போடுபவர்களும் உண்டு. அந்த அம்பு கூம்புக்கும் கிடைமட்டச் செல்லுக்கும் நடுவே, முதல் இணைப்பிலேயே திரும்பிவிட வேண்டும். அப்புறம், இந்த இரண்டு செல்லும் நரம்புத் துடிப்பு அனுப்புவதில்லை. மின்னழுத்தம் கொஞ்சங்கொஞ்சமாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். பார்வை நரம்பு வழியே துடிப்புகளை அனுப்புவது விழித்திரையின் கடைசிக் கட்டத்தில் உள்ள நரம்புத்திரள் செல்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதியைப் பல குறிப்பேடுகள் விட்டுவிடுகின்றன. கிடைமட்டச் செல் நேர்மறைப் பின்னூட்டமும் தருகிறது என்று 2011இல் ரிச்சர்ட் கிரேமரின் குழு காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுமே என்று தோன்றும். அழிக்காது, பரவும் தூரம் வேறு. எதிர்மறைச் செய்தி செல் முழுவதும் பரவி அக்கம்பக்கத்துக் கூம்புகள் எல்லாவற்றையும் தொடும். நேர்மறைச் செய்தி அந்தந்த இணைப்போடு நின்று, அதிகம் சுரக்கும் கூம்பை மட்டும் தாங்கிப் பிடிக்கும். அதனால் விளிம்பு கூர்மையாகிறது, அந்த ஒரு கூம்பின் குரலும் மங்குவதில்லை.

எதிர்மறைச் செய்தி எதன் வழியாகப் போகிறது என்று கேட்டால், காபா (தடுக்கும் வகை நரம்பு வேதிப்பொருள்) என்ற ஒரே வார்த்தையோடு முடித்துவிடாதீர்கள். இணைப்பின் இடுக்கில் அமிலத்தன்மை மாறுவது ஒரு வழி, அங்கே ஓடும் மின்னோட்டமே கூம்பை நேராகப் பாதிப்பது இன்னொரு வழி. எதற்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை.

ஹெர்மன் கட்டத்தையும் கவனமாகக் கையாளுங்கள். கறுப்புச் சதுரங்களுக்கு இடையே வெள்ளைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சாம்பல் புள்ளி தோன்றுவதை, அண்டைச் செல்கள் ஒன்றையொன்று அடக்கும் பக்கவாட்டுத் தடைக்குச் சான்றாகப் பல புத்தகங்கள் காட்டுகின்றன. அதே கோடுகளைக் கொஞ்சம் நெளித்து வரைந்து பாருங்கள். வெளிச்சம் அப்படியேதான் இருக்கும், புள்ளிகளைக் காணோம். பக்கவாட்டுத் தடை மட்டுமே காரணம் என்றால் அவை மறைந்திருக்கக் கூடாது.