செல்லானில் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள்

எங்கள் உறவில் யார் வண்டியோடு மாட்டினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெட்டி கேஸ் பார்க்கிற வக்கீல் ஒருத்தி வீட்டில் இருந்தால் அப்படித்தான். "சித்தி, சார்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று போனை எஸ்.ஐ.யிடம் நீட்டப் பார்ப்பார்கள். நான் பேசுவதில்லை. நடுரோட்டில் வக்கீல் குரலைக் கேட்டு யாரும் கேஸை விட்டதாக எனக்குத் தெரியாது. "என்ன செக்‌ஷன் போட்டிருக்கார், படி" என்பேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா என்றே சொல்ல முடியும்.

சட்டம் ஒன்றுதான், 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் அபராதங்களை ஏகத்துக்கும் உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் புதிய ஸ்பாட் ஃபைன் 2022 அக்டோபரில் வந்தது. ஹெல்மெட் இல்லையென்றால் 1000, பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதே 1000. சீட் பெல்ட் 1000, ட்ரிபிள்ஸ் 1000. சிக்னலைத் தாண்டினால் 500, மறுபடி மாட்டினால் 1500. ஓட்டும்போது போன் பேசினால் முதல் தடவை 1000, மூன்று வருஷத்துக்குள் மறுபடி என்றால் 10,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் 2000, அடுத்த முறை 4000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5000.

அந்தக் கடைசி வரியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் இருப்பது வேறு, லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பது வேறு. முதலாவது பிரிவு 181, 5000 ரூபாய். இரண்டாவது, கேட்டபோது காட்டவில்லை என்கிற பிரிவு 130 மீறல். அதற்குத் தனித் தண்டனை கிடையாது, பொதுப் பிரிவான 177இல் 500 ரூபாயோடு முடியும். அவசரத்தில் மெஷினில் 181ஐ அழுத்திவிட்டால் நீங்கள் பத்து மடங்கு கட்டுவீர்கள். என் அக்கா மகன் ஒரு தடவை இப்படித்தான் போன் செய்தான். பர்ஸ் வேறு பேண்ட்டில் இருந்தது. "போனில் அரசாங்கத்தின் டிஜிலாக்கர் ஆப்பைத் திறந்து காட்டுடா, அதில் இருப்பதும் லைசென்ஸ்தான்" என்றேன். அதிகாரி பார்த்தார், 181ஐ எடுத்துவிட்டார்.

டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருக்கும் ஆவணம் செல்லும் என்று 2018லேயே மத்திய மோட்டார் வாகன விதி 139ஐத் திருத்திவிட்டார்கள். ஆனால் லைசென்ஸை போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது இதில் சேராது. ஜெராக்ஸும் சேராது. இன்சூரன்ஸுக்கு இன்னொரு வழி உண்டு. கேட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள், நீங்கள் அதிகாரியிடம் குறிப்பிட்ட ஸ்டேஷனில் கொண்டுபோய்க் காட்டினால், அப்போது கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டிக்க முடியாது. இது பிரிவு 158. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டுபவர்கள் இதை நம்ப வேண்டாம், அவர்களுக்கு விதி வேறு. இன்னொன்று, பிடிபட்ட பிறகு அவசரமாக ஆன்லைனில் பாலிசி எடுத்து நீட்டினால் பலிக்காது. பாலிசி தொடங்கிய மணி நேரமே அதில் அச்சாகி இருக்கும்.

ஓவர் ஸ்பீடு கேஸில்தான் சட்டம் ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அது பிரிவு 183. "வேகமாக வந்தான், நான் பார்த்தேன்" என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஏதாவது கருவியை வைத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று 183இன் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. ஆகவே ஸ்பீடு கன்னில் என்ன எண் வந்தது, எந்த இடம், அந்த ரோட்டின் வேக வரம்பு என்ன, இந்த மூன்றையும் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு பிரிவு 209ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. 183, 184 (ஆபத்தாக ஓட்டுவது) இரண்டுக்கும் மட்டும் உள்ள பாதுகாப்பு இது. அந்த இடத்திலேயே "உங்கள் மேல் வழக்கு வரலாம்" என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் கையில் கிடைத்திருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் தண்டனை கூடாது. இதற்கு விலக்கும் உண்டு. உங்கள் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகியிருந்தால் இந்த வாதம் நிற்காது. ஆர்.சி.யில் பத்து வருஷத்துக்கு முந்தைய வாடகை வீட்டு முகவரியை அப்படியே விட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேமரா செல்லானுக்கு விதி 167ஏ இருக்கிறது, 2021இல் வந்தது. கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த ஒப்புதல் சான்று வேண்டும். இங்கே கேமரா இருக்கிறது என்று போர்டு இருக்க வேண்டும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் வேண்டும். நடைமுறையில் இதில் முக்கியமானது படம்தான். செல்லான் வந்ததும் தொகையைப் பார்த்துத் திட்டுவதை விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

என்னிடம் கேஸ் கொடுத்த கட்சிக்காரர் ஒருவருக்குச் சென்னையிலிருந்து சிக்னல் செல்லான் வந்தது. அவருடைய ஸ்கூட்டர் திருவாரூர் மாவட்டத்தை விட்டுத் தாண்டியதே இல்லை. படத்தைத் திறந்தால் கருப்பு மோட்டார் பைக். அதன் நம்பரில் கடைசிக்கு முந்தைய இலக்கம் 3, மெஷின் அதை 8 என்று படித்திருந்தது. ஆர்.சி., செல்லான் படம், ஸ்கூட்டரை நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் எடுத்த போட்டோ, இவற்றை இணைத்து ஒரு பக்கத்தில் மனு எழுதினோம். ஈ-செல்லான் தளத்திலேயே புகார் பதியும் இடம் இருக்கிறது. அதிலும் ஏற்றி, செல்லான் போட்ட அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பினோம். செல்லானை ரத்து செய்துவிட்டார்கள். எண் சரியாகவே இருந்து வண்டி மட்டும் வேறாக இருந்தால் விஷயம் பெரிது. யாரோ உங்கள் நம்பரைப் போட்டு ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

விற்ற வண்டிக்குச் செல்லான் வருவது இதைவிட அதிகம். "பெயர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேனே மேடம்" என்பார்கள். கொடுத்தால் போதாது. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாய் செல்லானை விடுங்கள், அந்த வண்டி யாரையாவது இடித்தால் கோர்ட் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரை மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

ஹெல்மெட் கேஸில் வாதாட ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைக்குத்தான் போனேன், தலைவலி, முடி கொட்டுகிறது, எதுவும் எடுபடாது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும்தான் சட்டத்திலேயே விலக்கு. பட்டையைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்து வைத்திருப்பதும் குற்றம்தான். ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் பிரிவு 194டி இடம் தருகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழுவும் சிக்னல் மீறல், போன், அதிவேகம், குடிபோதை ஆகியவற்றுக்கு இதே மூன்று மாதத்தைத்தான் வலியுறுத்தியது. பணத்தைக் கட்டினாலும் இந்த முடக்கம் தனியாக வரலாம் என்பதை டிரைவர் வேலையில் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு ஓட்டுவது, ஸ்பாட் ஃபைனில் முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுபடி என்றால் 15,000 அல்லது இரண்டு வருஷம் வரை, அல்லது இரண்டும். ஊதுவதற்குப் புதுக் குழாய் கேட்கலாம், ரீடிங் சீட்டைக் கேட்டு வாங்கலாம். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இருமல் மருந்து குடித்தேன் என்ற கதையை மாஜிஸ்திரேட்டுகள் நிறையக் கேட்டுவிட்டார்கள். அதைச் சொல்வதானால் டாக்டர் சீட்டோடு போங்கள்.

பையனுக்கு வண்டி கொடுக்கிற பெற்றோருக்கு: பதினெட்டு ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பிரிவு 199ஏ. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய், மூன்று வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும்.

சரி, ரோட்டில் நிறுத்திவிட்டார்கள், என்ன செய்வது? வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். சாவியைப் பிடுங்கலாம் என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லைதான். ஆனால் அதற்காகக் கையைத் தட்டிவிட்டால் 500 ரூபாய் கேஸ், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 132 கேஸாக மாறிவிடும். அதன் பிறகு நானே வந்தாலும் ஜாமீன் மனுதான் போட முடியும். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் பிரிவு 206படி அதற்கு ரசீது தர வேண்டும், கேளுங்கள். வண்டியையே பிடித்து வைக்கும் அதிகாரம் பிரிவு 207இல் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை, பெர்மிட் இல்லை என்பது போன்றவற்றுக்குத்தான் அது. ஹெல்மெட்டுக்கு அல்ல. பணத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். செல்லான் எண் இல்லாத பணம் அபராதம் இல்லை.

கட்டுவதா வேண்டாமா என்பது கணக்கு. தப்பு செய்திருந்து தொகை 500, 1000 என்றால் கட்டிவிடுங்கள். வாய்தாவுக்கு அலைகிற ஒரு நாள் கூலி அதைவிட அதிகம். பிரிவு தப்பாக இருந்தாலோ, வண்டி உங்களுடையது இல்லை என்றாலோ, லைசென்ஸ் முடங்கினால் பிழைப்பே போகும் என்றாலோ கட்டாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கேஸ் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போயிருந்தால் எதிர்த்து வாதிட விரும்புகிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது வழக்கமான கோர்ட்டுக்கு மாறும்.

வாட்ஸ்அப்பில் செல்லான் என்று ஏ.பி.கே. ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை இறக்கிப் பேங்க் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் நிறைய. பரிவாகன் தளத்தில் நீங்களே வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டிய பிறகு ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கட்டிய செல்லான்கூடச் சில சமயம் நிலுவை என்றே காட்டும். அது தெரியவருவது பெயர் மாற்றவோ எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கவோ ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான்.