நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? தேடும்போது செய்யக்கூடாதவை

ராத்திரி நன்றாக ஓடி வந்த கார். நாலு நாள் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. இரண்டு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். அடுத்த வாரம் மறுபடி அதே பாடு. இந்த நிலையில் நேராகக் கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்குவதுதான் முதல் தவறு. எங்கள் வீட்டுப் பழைய மாருதி 800-க்கு அப்படி இரண்டு பேட்டரி வாங்கினோம். பேட்டரி மேல் குற்றமே இல்லை. வண்டி நிற்கும்போது எங்கோ கரன்ட் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 12.6 வோல்ட் அளவில் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. கழற்றி வைத்தும் 12.2-க்குக் கீழே இறங்கினால் கோளாறு பேட்டரிக்குள்ளேதான், வயரிங்கை நோண்ட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அது சரியாக இருந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். சிலர் ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் சரி" என்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடையே (கரன்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் பாகம்) எரித்துவிடலாம். இல்லாத கசிவை நாமே உண்டாக்கின கதையாகிவிடும்.

கசிவை அளக்க மல்டிமீட்டரை மைனஸ் டெர்மினலுக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவில் வைக்க வேண்டும். சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். மில்லி ஆம்பியர் துளையில் செருகித் தொடங்கினால், கரன்ட் கொஞ்சம் அதிகமாக வந்ததும் மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். அப்புறம் மீட்டர் பூஜ்யம் காட்டும், கசிவே இல்லை என்று நம்பிவிடுவோம். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு வயரிங் பார்ப்பவர்களிடம் இருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டரும் இதற்கு ஆகாது, அவற்றில் பல ஏசி கரன்டை மட்டும்தான் அளக்கும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அவசரம். டெர்மினலைக் கழற்றி மாட்டியதும் ரிமோட் லாக், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் விழித்துக்கொள்ளும். மீட்டரில் ஓர் ஆம்பியருக்கு மேல்கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி ஃபியூஸைப் பிடுங்காதீர்கள். கதவுக் கண்ணாடியை முன்னதாகவே இறக்கி வைத்து, சாவியை வெளியே எடுத்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். கார்பரேட்டர் காலத்து வண்டியில் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

கதவையும் கவனியுங்கள். பழைய கார்களில் ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அதை எட்டக் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும். 5 வாட் பல்பு ஒன்றே 400 மில்லி ஆம்பியர் இழுக்கும், தேடுவதை அது மறைத்துவிடும். கதவுத் தூணில் ரப்பர் மூடியோடு துருத்தி நிற்கும் சுவிட்சை அழுத்தி டேப் ஒட்டிவிடுங்கள்.

அடங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. கடிகாரமும் ரேடியோ மெமரியும் மட்டுமே உள்ள வண்டியில் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். எங்கள் வண்டி 240 காட்டியது. ஒரு நாளைக்கு 5.8 ஆம்பியர்-அவர் (Ah). 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நாலு நாளில் பாதிக்கு மேல் காலி.

இனி ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுக்கலாம். எடுத்ததை அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகப் பிடுங்கி வைத்தால் 10 ஆம்பியர் ஃபியூஸுக்குரிய இடத்தில் 20 ஆம்பியர் ஏறிவிடும், வயர் எரிய அது போதும். எல்லா ஃபியூஸையும் பார்த்தும் கரன்ட் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த வயர் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரிக்கே போகும். மைனஸைக் கழற்றிவிட்டு அந்த வயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். டிக்கி விளக்கு அணைகிறதா என்று பார்க்க, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

கம்பெனி வயரிங்கை மட்டும் தேடிவிட்டு, பிறகு கடையில் பொருத்தியதை விட்டுவிடுவதும் பெரிய தவறு. ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ், ரிமோட் லாக்: என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான். எங்கள் வண்டியில் ரேடியோ ஃபியூஸை எடுத்ததும் 240 சட்டென்று விழுந்தது. ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பார்த்தால், மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மஞ்சள் மெமரிக்காக எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெற வேண்டியது. இரண்டையும் சேர்த்துவிட்டதால் திரை அணைந்த பிறகும் செட் உள்ளே விழித்தே இருந்திருக்கிறது. சிவப்பைப் பிரித்துச் சாவி லைனில் கொடுத்தேன். ஃபியூஸைத் திரும்ப மாட்டியதும் மீட்டர் 8 மில்லி ஆம்பியரில் நின்றது.