கோ-ஆப் வைக்கிறீர்களா? இரண்டாவது ஆளை அடியாளாக்காதீர்கள்

ஃபேன்டசி ஆர்பிஜி (மாய உலகத்தில் ஒரு கதாபாத்திரமாக ஆடும் வீடியோ கேம்) செய்ய உட்காருகிறவர்களில் பலர் கோ-ஆப்பை, அதாவது ஒரே பக்கம் நின்று சேர்ந்து ஆடுவதை, கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கதை முடிந்திருக்கும், நாயகன் ஒருவன், அவனுக்கென்று ஒரு சாபம், ஒரு வாள். எல்லாம் ஆனபிறகு, 'சரி, ஒரு நண்பனும் சேர்ந்து ஆடட்டுமே' என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளே வருகிறவன் இந்தக் கதையில் யார்? இதற்குப் பதில் இல்லாமல் செய்யும் கோ-ஆப்பில் மற்ற தவறுகளெல்லாம் தானாக வந்து சேரும்.

நானும் இதைச் செய்தவன்தான். இரண்டு பேர் ஆடும் ஒரு சின்ன மாதிரி கேமைச் செய்து, தம்பி கையில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தேன். நான் கொல்லனிடம் பேச ஆரம்பித்தேன், மொத்தம் எட்டு வரி உரையாடல். இரண்டாவது வரியிலேயே அவன் நின்ற இடத்தில் குதிக்க ஆரம்பித்தான், அப்புறம் என்னைச் சுற்றி வட்டமடித்தான், ஆறாவது வரி ஓடும்போது பட்டறை வாசலில் மேய்ந்த கோழியை வெட்டிவிட்டான், ஊர்க்காவலர்கள் இரண்டு பேரையும் சேர்த்து அடித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் அந்த எட்டு வரியில் அவனுக்கென்று நான் வைத்திருந்த ஒரே வேலை அந்தக் கோழிதான்.

பெரிய கேம்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2008-ல் வந்த ஃபேபிள் 2-ல் சேர வருகிறவர் தன் சொந்த நாயகனின் தோற்றத்தோடு வர முடியாது, தயாராக இருக்கும் அடியாள் உருவங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஆன்லைனில் ஆடினாலும் இருவருக்கும் ஒரே கேமரா. அதற்கு நேர் எதிராக, 2014-ன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் தொடக்கத்திலிருந்தே இரண்டு நாயகர்களை வைத்தது. முக்கியமான முடிவில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் கல்-காகிதம்-கத்தரி ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது எரிச்சல், எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் சண்டை போடவும் இருவருக்கும் உரிமை இருந்தது.

அடுத்தது, ஒன்றாக ஆடியது யார் கணக்கில் சேர்கிறது என்பது. 2022-ல் வந்த எல்டன் ரிங்கில் தரையில் குறி போட்டுவிட்டு இன்னொருவர் உலகத்துக்கு உதவப் போகலாம், பாஸ் (பெரிய எதிரி) விழுந்ததும் உங்களை ஊருக்கு அனுப்பிவிடும், உங்கள் உலகத்தில் அதே பாஸ் உயிரோடு நிற்கும். கூலிக்குப் போய் வருகிற ஆளுக்கு அது சரிதான். முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்தே ஆட நினைக்கிற இரண்டு பேருக்கு அது சரிவராது, அந்த 2022-லேயே ஒரு மோட் (கேமை மாற்றியமைக்க வெளியார் செய்யும் நிரல்) வந்து அந்தச் சுவரை உடைத்தது. அழகாக இருக்கிறதே என்று அந்தக் குறி முறையை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்டில் இன்னொரு தொல்லை: கதைக் குவெஸ்டில் (கதையை நகர்த்தும் பணியில்) இருவரும் தனித்தனியாகப் போய்க் கட்சீனை (இடையில் ஓடும் கதைக் காட்சியை) பார்த்து முடித்த பிறகுதான், ஒருவர் வெளியே வந்து மற்றவரோடு சேர முடியும்.

ஆள் கூடினால் பாஸின் உயிரைக் கூட்டுவது எல்லாரும் எடுக்கிற குறுக்குவழி. டையப்ளோ 2-ல் கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் அரக்கர்களின் உயிர் 50 சதவீதம் ஏறும். அங்கே கூட்டமாக வெட்டிச் சாய்ப்பதே விளையாட்டு, அதனால் தாங்கியது. ஒற்றை பாஸைச் சுற்றி நிற்கும் கேமில் அதையே செய்தால், ஒருவனைத் துரத்தும் பூதத்தை இன்னொருவன் பின்னாலிருந்து பத்து நிமிடம் வெட்டிக்கொண்டிருப்பான், ஆபத்தும் இருக்காது, முடியவும் முடியாது. உயிரைக் கூட்டுவதைவிட வேலையைக் கூட்டுங்கள். பாஸ் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் ஒரு மந்திரவாதி அதைக் குணப்படுத்திக்கொண்டிருக்கட்டும். ஒருவர் மழை பெய்விக்க, நனைந்த எதிரிமேல் மற்றவர் மின்னலை இறக்கட்டும், ஒரிஜினல் சின் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஹீலரை (கூட்டாளிகளைக் குணப்படுத்துகிறவரை) மட்டும் உயிரைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார வைத்துவிடாதீர்கள், பாவம்.

ஆள் எண்ணிக்கையிலும் பிடிவாதம் வேண்டாம். 2025 மே மாதம் எல்டன் ரிங் வரிசையில் நைட்ரெயின் வந்தபோது தனியாக ஆடலாம், இல்லையென்றால் மூன்று பேர். இரண்டு பேர் ஆடும் வழி வர ஜூலைக் கடைசி ஆனது. அண்ணனும் தம்பியும் மட்டும் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது?

லூட்டைப் (எதிரி விழுந்ததும் கிடைக்கும் பொருட்கள்) பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆளுக்குத் தனித்தனியாக விழட்டும், கை மாற்றிக்கொள்ள மட்டும் விடுங்கள்.

என் மாதிரியில் அப்புறம் ஒன்றை மாற்றினேன். நான் பேசும்போது கொல்லனின் பார்வை என்மேலேயே இருக்கும், அந்த நேரத்தில் மற்றவர் கடைக்குள் கை வைக்கலாம். எட்டாவது வரி முடிந்து திரும்பிப் பார்த்தால் அலமாரி காலி. தம்பி, 'இன்னும் ரெண்டு வரி பேசேன்' என்றான்.